பாங்கோவைக் கொல்ல மேக்பெத்துக்கு என்ன காரணம்?

கேள்வி இது: “ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம், மூன்றாம் அங்கம், முதல் காட்சி. பாங்கோ தன்னைச் சந்தேகிக்கிறான் என்று தெரிந்ததால்தானே மேக்பெத் அவனைக் கொல்ல ஆள் ஏவுகிறான்? பேராசையும் சந்தேகமும் இந்தக் காட்சியில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன?”

முதல் கேள்வியில் இருக்கும் விடையைத்தான் பல துணைநூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. நாடகத்தில் அதற்கு ஆதாரம் தேடினால் கிடைக்காது. பாங்கோ சந்தேகப்படுவது உண்மை. அதை நம் காதாலேயே கேட்கிறோம். மேக்பெத் அவனைக் கொல்லச் சொல்வதும் உண்மை. ஆனால் முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று மேக்பெத் ஓர் இடத்திலும் சொல்வதில்லை. தனியாக நின்று மனத்தைத் திறந்து பேசும்போதுகூட, “இவனுக்கு என் குட்டு தெரிந்துவிட்டது” என்று அவன் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை. காட்சியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கதை நிற்கும் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். டங்கன் மன்னனைத் தன் வீட்டில் விருந்தாளியாகத் தூங்கும்போதே மேக்பெத் குத்திக் கொன்றாகிவிட்டது. மன்னனின் மகன்கள் இருவரும் தப்பி ஓட, பழி அவர்கள் தலையில் விழுந்தது. ஸ்கோனில் முடிசூட்டு நடந்து, இப்போது ஃபாரஸ் அரண்மனையில் மேக்பெத் அரசன். சூனியக்காரிகள் சொன்ன வாக்கை அவனோடு சேர்ந்து கேட்ட ஒரே ஆள் அவனுடைய சக தளபதி பாங்கோ. மேக்பெத் அரசனாவான் என்றவர்கள், பாங்கோ அரசனாக மாட்டான், ஆனால் அவன் வம்சத்தார் அரசர்களாவார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

காட்சி பாங்கோவின் பத்து வரிகளோடு தொடங்குகிறது. “எல்லாம் உனக்குக் கிடைத்துவிட்டது: அரசன், காடர், கிளாமிஸ், அந்தப் பெண்கள் சொன்ன எல்லாமே. அதற்காக நீ மிகவும் கெட்ட ஆட்டம் ஆடியிருப்பாய் என்று அஞ்சுகிறேன்.” (காடர், கிளாமிஸ் இரண்டும் மேக்பெத்தின் பிரபுப் பட்டங்கள்.) சந்தேகம் இந்த மூன்று வரிகளோடு தீர்ந்துவிடுகிறது. மிச்ச வரிகள் முழுவதும் அவனுடைய சொந்தக் கணக்கு. உன் விஷயத்தில் அவர்கள் வாக்குப் பலித்ததே, என் விஷயத்தில் ஏன் பலிக்கக் கூடாது, நானும் நம்பிக்கை வைக்கலாமே என்கிறான். எக்காளம் கேட்டதும், “உஷ், போதும்” என்று வாயை மூடிக்கொள்கிறான்.

பாங்கோவை அப்பழுக்கற்றவன் என்று எழுதுகிறவர்கள் இந்த மிச்ச வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டங்கனின் பிணத்தைக் கண்ட காலையில் இதே பாங்கோ, “கடவுளின் கையில் நிற்கிறேன், மறைந்திருக்கும் துரோகத்தை எதிர்த்துப் போராடுவேன்” என்று எல்லோர் முன்னாலும் சூளுரைத்தவன். அதற்குப் பிறகு அவன் செய்தது என்ன? யாரிடமும் சூனியக்காரிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. அதே சமயத்தில் மேக்டஃப் என்ற பிரபு என்ன செய்தான் என்று பாருங்கள். முடிசூட்டு விழாவுக்கே போகாமல் நேராகத் தன் ஊரான ஃபைஃபுக்குத் திரும்பிவிட்டான். அவன் கையில் பாங்கோவிடம் இருந்த தகவலில் கால்வாசிகூட இல்லை. எல்லாம் தெரிந்த பாங்கோ அரண்மனையில் தங்கி, புதிய அரசனின் ஆலோசனைச் சபையில் உட்காருகிறான். கொலையில் அவனுக்குப் பங்கில்லை. கொலையால் வரக்கூடிய பலனில் ஒரு கண் இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார். அவர் கதை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூல் 1577-இல் வெளியானது. அதில் பாங்கோ கொலைக்கு உடந்தை. நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ் பாங்கோவின் வழிவந்தவர் என்று நம்பப்பட்ட காலம். ஆளும் அரசரின் மூதாதையைக் கொலைகாரனாக மேடை ஏற்ற முடியாது. அதனால் ரத்தக்கறையைத் துடைத்துவிட்டார். மௌனத்தையும் ஆசையையும் விட்டுவைத்தார். உண்மையில் பாங்கோ என்று ஒருவர் இருந்ததற்கே சான்று இல்லை. 1527-இல் ஹெக்டர் போயிஸ் எழுதிய ஸ்காட்லாந்து வரலாற்றில்தான் அந்தப் பெயர் முதலில் தலைகாட்டுகிறது.

அடுத்து அரசனும் அரசியும் பரிவாரமும் நுழைகிறார்கள். “இதோ நம் முதன்மை விருந்தாளி” என்று மேக்பெத் வரவேற்க, இவரை மறந்திருந்தால் நம் விருந்தில் பெரிய குறை விழுந்திருக்கும் என்று அவன் மனைவி ஒத்துப் பாடுகிறாள். இன்றிரவு விருந்துக்கு அவசியம் வர வேண்டும் என்று அழைப்பு. உங்கள் கட்டளைக்கு என் கடமை அவிழ்க்க முடியாத முடிச்சால் கட்டுண்டது என்று பாங்கோவின் பதில். சற்று முன்தான் அவன் தனிமையில் பேசியதைக் கேட்டோம். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் கலையில் இந்த அரண்மனையில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

இந்த உரையாடலை மேடையில் பார்க்காமல் தாளில் மட்டும் படிப்பவர்கள் இதைச் சம்பிரதாயப் பேச்சு என்று கடந்துவிடுவார்கள். மேக்பெத் இதில் மூன்று கேள்விகள் கேட்கிறான். “இன்று பிற்பகல் குதிரையேறிப் போகிறீர்களா?” ஆம் என்கிறான் பாங்கோ. உடனே, உங்கள் நல்ல யோசனை இன்றைய சபைக்குத் தேவைப்பட்டது, பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் உபசார வார்த்தை. பிறகு, “வெகுதூரமா?” விருந்து வரைக்கும் நேரத்தை நிரப்புமளவு தூரம், குதிரை சுணங்கினால் இரவிடம் ஓரிரு இருண்ட மணி நேரத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்கிறான் பாங்கோ. “விருந்துக்குத் தவறிவிடாதீர்கள்.” “தவற மாட்டேன், பிரபு.” பிறகு டங்கனின் மகன்களைப் பற்றிய வம்பு: ஒருவன் இங்கிலாந்தில், ஒருவன் அயர்லாந்தில், தந்தையைக் கொன்றதை ஒப்புக்கொள்ளாமல் கதை கட்டுகிறார்களாம். விடைகொடுத்து முடித்தாயிற்று என்று தோன்றும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல மூன்றாவது: “ஃப்ளியன்ஸும் உங்களோடு வருகிறானா?” ஃப்ளியன்ஸ் பாங்கோவின் மகன்.

எப்போது, எவ்வளவு நேரம், யாரோடு. கொலையாளிகளுக்குத் தேவையான அத்தனை தகவலும் கைக்கு வந்துவிட்டது. கொடுத்தவன் சாகப்போகிறவனே. மூன்று கேள்விக்கும் நடுவே உபசாரத்தையும் அரசியல் செய்தியையும் திணித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள்; எதுவும் விசாரணைபோலத் தெரிவதில்லை. காட்சியின் கடைசியில் மேக்பெத் கொலையாளிகளிடம், ஃப்ளியன்ஸும் “அந்த இருண்ட மணியின்” விதியைத் தழுவியாக வேண்டும் என்பான். பாங்கோ கள்ளமில்லாமல் சொல்லிவிட்டுப் போன அதே “இருண்ட மணி”. கேட்ட சொல்லை மறக்காமல் எடுத்துவைத்துக்கொண்டு, கொலைக்கு நேரம் குறிக்க அதையே பயன்படுத்துகிறான்.

இரவு ஏழு மணி வரை அவரவர் நேரம் அவரவர்க்கு என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிடுகிறான். மனைவியும் ஒரு சொல் பேசாமல் போகிறாள். முதல் கொலையில் திட்டம் போட்டவள் அவள். இப்போது அவளுக்கு எதுவுமே தெரியாது. அடுத்த காட்சியில் அவள் கேட்கும்போதும், “செய்தபின் மெச்சிக்கொள், அதுவரை தெரியாமலே இரு கண்ணே” என்று நழுவுவான். அந்தத் தாம்பத்தியம் உடையத் தொடங்கியது இங்கேதான்.

இனி அந்தத் தனிமொழி. “இப்படி இருப்பது ஒன்றுமே இல்லை, பத்திரமாக இப்படி இருந்தாலொழிய” என்று ஆரம்பிக்கிறான். பேராசைக்கும் சந்தேகத்துக்குமான உறவைக் கேட்டீர்களே, அது இந்த ஒரு வரியில் இருக்கிறது. கிடைக்காதவரை கிரீடம் எல்லாமாக இருந்தது. கிடைத்த மறுகணம் அது ஒன்றுமில்லாததாகி, “பத்திரம்” என்ற புதிய பொருள் ஆசைப்பட வேண்டியதாகிவிட்டது. ஆசை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. கிரீடத்தை ஒரு கொலையில் அடைந்துவிட முடிந்தது. பத்திரத்தை எத்தனை கொலையில் அடைவது?

பாங்கோவிடம் தான் அஞ்சுவது எது என்று பிறகு அடுக்குகிறான். அவன் இயல்பிலேயே ஓர் அரசத்தன்மை இருக்கிறது. துணிச்சல்காரன். அந்தத் துணிச்சலைப் பத்திரமாக நடத்திச் செல்லும் அறிவும் இருக்கிறது. சீசருக்கு முன்னால் மார்க் ஆண்டனியின் காவல் தேவதை ஒடுங்கிப்போனது என்பார்களே, அப்படி இவன் முன்னால் என் தேவதை ஒடுங்கிப்போகிறது. இவ்வளவும் பாராட்டு. எதிரியைப் பற்றி ஒருவன் தனியாகப் பேசும்போது குறை ஒன்றும் சொல்லாமல் நற்சான்று கொடுக்கிறான் என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது. அறிவு துணிச்சலைப் பத்திரமாக நடத்துகிறது என்ற இடத்தில் பாங்கோவின் எச்சரிக்கையான மௌனத்தை அவன் குறிப்பிடுகிறான் என்று வேண்டுமானால் வாதிடலாம். அதற்கு மேல் அந்த வாதத்தை இழுக்க முடியாது.

இதன் பக்கத்தில் முதல் அங்கம் ஏழாம் காட்சியை வைத்துப் பாருங்கள். டங்கனைக் கொல்வதா வேண்டாமா என்று மேக்பெத் தனக்குள் வழக்காடும் இடம். அங்கே அவன் கையைத் தடுத்தது எது? உறவினன், விருந்தாளி என்ற காரணங்களோடு டங்கனின் நற்குணங்கள். அவை தேவதூதர்களைப்போல எக்காளக் குரலில் எனக்கு எதிராக வாதாடும் என்று நடுங்கினான். இங்கே பாங்கோவின் நற்குணங்களைப் பட்டியலிடுகிறான். அவையே கொல்வதற்குக் காரணமாகிவிட்டன. இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் அந்த மனிதனுக்கு நேர்ந்த கேடு இவ்வளவுதான், இவ்வளவு பெரியது. நல்லவன் என்பதற்காகக் கொல்லக் கூடாது என்று தயங்கியவன், நல்லவன் என்பதற்காகவே கொல்லத் துணிந்துவிட்டான்.

பேச்சின் இரண்டாவது பகுதி பிள்ளை விவகாரம். என் தலையில் வைத்தது கனியாத கிரீடம், என் கையில் கொடுத்தது மலட்டுச் செங்கோல் என்று புலம்புகிறான். என் வழியில் வராத ஒருவன் அதைப் பிடுங்கிக்கொள்வான். என் மகன் எவனும் ஆளப்போவதில்லை. அப்படியானால் பாங்கோவின் பிள்ளைகளுக்காகவா என் மனத்தை அழுக்காக்கிக்கொண்டேன்? அவர்களுக்காகவா அந்த நல்ல டங்கனைக் கொன்றேன்? என் நித்திய மாணிக்கமான ஆன்மாவை மனிதகுலத்தின் எதிரியான சாத்தானிடம் கொடுத்தது அவர்களை அரசர்களாக்கவா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மேக்பெத்துக்குப் பழியும் பாவமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. பலன் மட்டும் வேறிடம் போகிறது. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

“நல்ல டங்கன்” என்று அவனே சொல்வதையும், கொலை செய்தேன் என்பதை மழுப்பாமல் சொல்வதையும் பாருங்கள். குற்றத்தைத் தனக்குத் தானே மறைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். ஆன்மாவை விற்றுவிட்டோம் என்று தெரிகிறது. விற்றது தப்பு என்று அழவில்லை. விலை படியவில்லை என்று அழுகிறான். வியாபாரி நஷ்டக் கணக்குப் பார்ப்பதுபோல இந்த வரிகள் ஓடுகின்றன. மனசாட்சியின் குரல் என்று இதைப் பாடம் நடத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

இதில் ஒரு தர்க்கப் பிசகும் இருக்கிறது. சூனியக்காரிகளின் வாக்குப் பொய்யென்றால் பாங்கோவின் பிள்ளையால் ஆபத்தில்லை. மெய்யென்றால் கொன்றும் பயனில்லை. தனக்குச் சாதகமான பாதி தானாக நடந்தாக வேண்டும், பாதகமான பாதியைக் கத்தியால் அழித்துவிடலாம் என்று நினைக்கிறான். “விதியே, களத்துக்கு வா, கடைசிவரை என்னோடு மோது” என்று அறைகூவுகிறான். யாருடைய வாக்கை நம்பி அரசனானானோ அந்த விதியோடுதான் சண்டை. அவனுக்கு இது தெரியாமல் இல்லை. யோசித்துப் பார்க்கத்தான் நேரம் கொடுத்துக்கொள்ளவில்லை. அறைகூவல் முடிந்த மூச்சிலேயே “யார் அங்கே?” என்று ஆட்களை உள்ளே அழைக்கிறான்.

உள்ளே வந்தவர்களிடம் அவன் கேட்கும் முதல் கேள்வி: “நேற்றுத்தானே நாம் பேசினோம்?” நேற்று! அப்படியானால் நாம் இப்போது கேட்ட தனிமொழி முடிவெடுப்பதற்கான யோசனையே இல்லை. ஆட்களை நேற்றே பார்த்துப் பேசி முடித்துவிட்டு, இன்று காரணம் சொல்லிக்கொள்கிறான். டங்கன் விஷயத்தில் யோசனை முதலில், செயல் பிறகு. நடுவில் ஒரு முறை “இந்த வேலையில் இதற்கு மேல் போக வேண்டாம்” என்று மனைவியிடம் சொல்லியும் பார்த்தான். இந்த முறை வேண்டாம் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

கொலையாளிகளோடு நடக்கும் பேச்சு ஏன் இவ்வளவு நீளம் என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அரசன் “கொல்” என்றால் முடிந்தது அல்லவா? இந்த அரசனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. உங்கள் வறுமைக்கெல்லாம் நான் காரணம் என்று நினைத்தீர்கள், உண்மையில் பாங்கோதான் உங்களைக் கெடுத்தவன் என்று நேற்று எடுத்துச் சொன்னதை மறுபடி நினைவூட்டுகிறான். உங்களைக் குழி விளிம்பு வரை அழுத்தி, உங்கள் பிள்ளைகளைப் பிச்சையெடுக்க வைத்தவனுக்காகப் பிரார்த்தனை செய்யும் அளவு வேதத்தில் ஊறியவர்களா நீங்கள் என்று கேட்கிறான். இங்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பாருங்கள். தன் மனத்தை அரிக்கும் அதே புழுவை அவர்கள் மனத்தில் விடுகிறான்.

“நாங்களும் மனிதர்கள்தான், பிரபு” என்கிறான் ஒருவன். ஆமாம், பட்டியலில் நீங்களும் ஆண்கள்தான். வேட்டை நாய், ஓட்ட நாய், கலப்பு நாய், சடை நாய், தெரு நாய் எல்லாவற்றையும் நாய் என்றுதானே சொல்கிறோம் என்கிறான் மேக்பெத். நீங்கள் கடைசித் தரத்து ஆண்கள் இல்லையென்றால் நிரூபியுங்கள் என்பது இதன் சாரம். எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? ஏழாம் காட்சியில் அவன் மனைவி அவனைப் பிடித்த பிடி இது. செய்யத் துணிந்தபோதுதான் நீ ஆண்பிள்ளை என்று அவள் குத்திக்காட்டிய பிறகே அவன் கத்தியை எடுத்தான். தன்மேல் பலித்த மந்திரத்தை இப்போது கூலிக்காரர்கள்மேல் ஓதுகிறான். வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்கு இவ்வளவு தேவையே இல்லை. உலகம் தந்த அடியில் வெறுத்துப்போய் என்ன செய்யவும் தயார் என்கிறான் ஒருவன். வாழ்ந்தால் வாழ்வு, போனால் போகிறது என்று எதிலும் உயிரைப் பணயம் வைப்பேன் என்கிறான் மற்றவன். அவர்கள் எப்போதோ சம்மதித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அரசன் பேசிக்கொண்டே போகிறான். அந்த வாதம் யாருக்குத் தேவைப்பட்டது என்று நடிகர்கள் நன்றாகக் காட்டுவார்கள்.

வெளிப்படையாகவே அவனை என் கண்ணிலிருந்து துடைத்தெறியும் அதிகாரம் எனக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் சிலரை இழக்க முடியாது, அவன் சாவுக்கு நானே அழ வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறான். அரியணையில் உட்கார்ந்தும் ஊர் என்ன சொல்லும் என்று ஒளிந்து செய்ய வேண்டிய நிலை. சந்தேகம் இதற்குள் பாங்கோவைத் தாண்டிப் படர்ந்துவிட்டது. விருந்து கலைந்த இரவில், ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் கூலி கொடுத்து ஒரு வேலைக்காரனை வைத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்வான்.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாங்கோ சாகிறான், ஃப்ளியன்ஸ் இருட்டில் தப்பிவிடுகிறான். “தவற மாட்டேன்” என்று சொன்ன விருந்தாளி, சொன்னபடியே விருந்துக்கு ஆவியாக வந்து மேக்பெத்தின் நாற்காலியில் உட்காருகிறான்.

பிள்ளை விவகாரத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதிகப்படி என்று தோன்றினால், 1957-இல் அகிரா குரோசாவா இந்த நாடகத்தை ஜப்பானியப் போர்வீரர்கள் உலகத்துக்குக் கொண்டுபோய் எடுத்த படத்தைப் பாருங்கள். அதில் நாயகனுக்குப் பிள்ளை இல்லை. நண்பனின் மகனையே வாரிசாக்கிக்கொள்ளச் சம்மதித்தும் விடுகிறான். பிறகு மனைவி தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்கிறாள். நண்பனின் கொலை அங்கிருந்துதான் கிளம்புகிறது. திரைக்கதையாக அது கச்சிதம், சந்தேகமில்லை. ஷேக்ஸ்பியரின் மேக்பெத்துக்கு அந்த நியாயமும் கிடையாது. பாலூட்டியிருக்கிறேன் என்று மனைவி ஒருமுறை சொன்னதைத் தவிர நாடகத்தில் அவர்களுக்கென்று ஒரு பிள்ளை கண்ணில் படவே இல்லை. வரலாற்று மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஆட்சி செய்தான்; மனைவியின் முந்தைய மணத்தில் பிறந்த லூலாக் அவனுக்குப் பின் சில மாதங்கள் அரசனாக இருந்தான். அந்தப் பையனை ஷேக்ஸ்பியர் நாடகத்துக்குள் விடவில்லை. பட்டம் கட்ட மகன் இல்லாதவன், அடுத்தவன் மகனுக்குப் பட்டம் போய்விடக் கூடாது என்று ஆள் ஏவுகிறான். குரோசாவாவைவிட இது எனக்குக் கொடூரமாகப் படுகிறது, நம்பும்படியாகவும் இருக்கிறது.